ஏழைக் கழித்தல்

பகாவ் அரசாங்க கிளினிக்கில்
இனிப்புநீர்க்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமை.
விரலில் குத்தி ஒரு சொட்டு எடுத்து
பதினொன்று புள்ளி நான்கு என்று எழுதிவிட்டு
மிஸ்ஸி இன்னொரு தாளை எடுத்தாள்.
இது ஞாபகத்துக்கு, பாக்சிக். பயப்படாதீங்க.

இன்று என்ன கிழமை. சொன்னேன்.
இது எந்த மாநிலம். சொன்னேன்.
ஒரு கடிகாரம் வரையுங்கள். வரைந்தேன்,
பால் ஸ்டோரில் தொங்கியதைப் போலவே
ஐந்து நிமிடம் முந்தி ஓடுவதாக.
நூறிலிருந்து ஏழை எடுங்கள்,
மிச்சத்திலிருந்து இன்னும் ஏழு,
போய்க்கொண்டே இருங்கள்.

அவள் மலாயில்தான் கேட்டாள்.
எனக்குத் தமிழில் விழுந்தது:
ஏழைக் கழி.

தொண்ணூற்று மூன்று என்றேன்.
அப்புறம் வாய் திறக்கவில்லை.

இருபத்திரண்டு வருஷம் நான் பால் நிறுத்தவன்.
பத்தரை மணிக்கு வாளிகள் வரிசையில் வந்துவிடும்,
சைக்கிளில், காண்டாவில், தலைச்சும்மாட்டில்.
மெட்ரோலாக்கை மிதக்கவிட்டுக் கண்ணைச் சுருக்கி
தண்ணி கலந்திருக்கு என்பேன்.
கலந்திருந்தாலும் கலக்காவிட்டாலும்
நூறு ராத்தலுக்கு ஏழு.
துரை சொன்னது ஐந்து.
மீதி இரண்டு என்னுடைய யோசனை.

எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு.
தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வேன், மிஸ்ஸி.
அவள் காத்திருந்து காத்திருந்து
ஐந்துக்கு ஒன்று என்று போட்டாள்.

டாக்டர் திருச்செல்விக்கு என் மகள் வயது இருக்காது.
சீனி காலை மட்டும் அரிக்காது, அங்கிள்,
மேலேயும் ஏறும்.
மருந்தோடு நடையும் வேணும்.
காலுக்கு வேலை கொடுத்தால் தலைக்கு ரத்தம் போகும்.
ஆறு மாசம் கழித்து மறுபடியும் கேட்போம்.
எதை என்று நான் கேட்கவில்லை.

பழைய தோட்டத்துத் திடலில் இப்போது
ஆறு மணிக்கு நாலைந்து பேர் நடக்கிறோம்.
செம்பனைக் குலை லாரி போகும்போது
எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொள்வோம்.
முட்டிக்கு உறை போட்ட ஆ சோங்,
யாரோடும் பேசாத ரிட்டையர் தபால்காரர் லோகு,
அப்புறம் செங்கமலம்.
கைலிக்கு மேலே மகன் விட்டுப்போன பந்துச் சட்டை.
இடது காலில் இரண்டு விரல் இல்லை,
என்னைவிட வேகம்.
மூன்றாம் டிவிஷன், பதினாலாம் நிரை.
அவள் வாளியை எனக்குத் தெரியும்,
பிடியில் நீல வயர் சுற்றியிருக்கும்.

முதல் நாளே சொல்லிவிட்டாள்:
எனக்குக் கணக்கு நிக்கிறதில்ல, கிராணி.
நான் நடக்கிறேன், நீங்க எண்ணுங்க.
எட்டுச் சுற்று, டாக்டர் எழுதிக் கொடுத்தது.

எண்ணினேன். நாலு மாசம் எண்ணினேன்.
பசியாற ஒட்டுக்கடைக்குப் போனால்
சீனியில்லாத தே ஓவை முகம் சுளிக்காமல் குடிக்கப் பழகினேன்.
பெயர்கள் திரும்பி வந்தன, கூப்பிடாத பெயர்கள்,
வெள்ளையன், பாக்கியம், கோணக்கால் சடையன்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு எடை.
நடந்தால் ஞாபகம் வரும் என்றார்கள்,
எது வரும் என்று சொல்லவில்லை.

நேற்று, ஆறு என்றேன்.
அவள் நின்றாள்.
கோல் கம்பத்தடிக்குக் கூட்டிப் போய்
கையிலிருந்த டார்ச்சை அடித்துக் காட்டினாள்.
சுற்றுக்கு ஒன்றாகக் கூழாங்கல்.
எட்டு.
நிறுத்தாலும் கொறைக்கிறீங்க,
நடந்தாலும் கொறைக்கிறீங்க,
என்று சிரித்தாள். சும்மாதான் சிரித்தாள்.

மறதியா, கை பழகியதா,
எனக்கே தெரியவில்லை.
மிஸ்ஸியின் தாளில் அதற்குக் கட்டம் கிடையாது.

நீங்க உட்காருங்க என்று சொல்லிவிட்டு
நான் தனியாக இரண்டு சுற்று நடந்தேன்.
மூச்சு வாங்க வந்து பார்த்தால்
எட்டுக்குப் பக்கத்தில் புதுசாக ஒரே ஒரு கல்.

இரண்டு நடந்தேனே என்றேன்.

செங்கமலம் கல்லைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
தண்ணி கலந்திருக்கு, கிராணி.

இன்னொரு சுற்றுக்குக் கிளம்பினேன்.